ஓவியத்தைப் பகிரும் முன் ஒரு வெள்ளைத் தாள்

ஓவியத்தைப் படமெடுக்கும்போது ஓரத்தில் ஒரு வெற்று வெள்ளைத் தாளையும் சேர்த்து எடுங்கள். போனின் எடிட் பகுதியில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை ‘வார்ம்த்’ (படத்தின் மஞ்சள், நீலச் சாயலைக் கூட்டிக் குறைப்பது) அளவை நகர்த்தி, பிறகு படத்திலிருந்து தாளை வெட்டிவிடுங்கள்.

வெளிச்சத்தின் நிறத்தைப் போன் ஊகித்துத்தான் சரிசெய்கிறது. ஓவியம் முழுக்கச் செம்மண் நிறமாக இருந்தால் அந்த ஊகம் தவறி, சிவப்பு சாம்பல் தட்டிப்போகும். தானாக வரையக் கற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, ‘நான் வரைந்தது இவ்வளவு மங்கலா?’ என்று நல்ல ஓவியத்தையே உள்ளே வைத்துவிடுகிறார்கள். தூரிகைமேல் பழி போடாதீர்கள்.

ஜன்னலருகே, நேர் வெயில் படாமல், டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் இந்த வழி பலிக்காது. தங்க, வெள்ளிப் பூச்சுக்கும் உதவாது, அவை கோணத்துக்குக் கோணம் மாறும்.