எந்த கில்மோர்? கண்டுபிடித்த விதம்

என் கணவரின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர். வீட்டில் இருந்த திருமணப் பதிவில் ஊர் ‘கில்மோர்’ என்று மட்டும்தான் இருந்தது. அர்மா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு கில்மோர், கேவனில் ஒன்று, வெக்ஸ்ஃபோர்டில் ஒன்று, ராஸ்காமனில் ஒன்று. ஊர்ப்பெயரையே பிடித்துக்கொண்டு தேடினால் விடியாது.

வழி காட்டியது கொள்ளுத்தாத்தாவுடைய தங்கையின் பிறப்புப் பதிவு. அங்கே பிறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864இல். அதில் பிறந்த டவுன்லேண்டும் (நிலப் பிரிவுகளில் மிகச் சிறியது அதுதான்) பதிவு மாவட்டமும் இருந்தன. மாவட்டம், கேரிக்-ஆன்-ஷானன். அந்த ஊர் இருப்பது லீட்ரிம் கவுண்டியில். ஆனால் பதிவு மாவட்டங்கள் ஏழைகள் சட்ட யூனியன்களின் (ஏழைகளுக்கு உதவ ஊர்களைச் சேர்த்து அமைத்த பிரிவுகள்) எல்லைப்படி அமைந்தவை, கவுண்டி எல்லையைத் தாண்டும். ஷானன் ஆற்றின் மறுகரையில் உள்ள ராஸ்காமன் கிராமங்களும் அதில் அடக்கம். சரி என்று 1851 கணக்கெடுப்பை ஒட்டி வந்த டவுன்லேண்ட் அட்டவணையைப் பார்த்தேன்: ராஸ்காமன் கவுண்டி, கில்மோர் சிவில் பங்கு (பல டவுன்லேண்டுகள் சேர்ந்த அரசுப் பிரிவு).

அப்புறம் இன்னொரு முடிச்சு. ஞானஸ்நானப் பதிவேடுகள் கத்தோலிக்கப் பங்கின்படிதான் (ஒரு பங்குப் பாதிரியாரின் பொறுப்பில் உள்ள பகுதி) இருக்கும். அதன் எல்லை வேறு. இந்தக் கில்மோர் ஆக்ரிம் என்ற கத்தோலிக்கப் பங்கோடு சேர்ந்தது. (1691இல் போர் நடந்த ஆக்ரிம் கால்வேயில் இருக்கிறது, இது வேறு!) அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தரும் பதிவேடுகளில் ஆக்ரிமைத் திறந்தேன். அண்ணன், தங்கை இருவருமே கிடைத்தார்கள், ஞானப்பெற்றோர் பெயர்களோடு.