மோட்டார் சைக்கிளில் கிளச் பிளேட் மாற்றுவது: நான் இரண்டு தடவை கழற்றிய கதையும் சேர்த்து

கிளச் வழுக்குவது கடுகண்ணாவை ஏற்றத்தில்தான் பிடிபட்டது. ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக இன்ஜின் கத்துகிறது, வண்டியோ முன்னால் போகிற லொறியின் புகையைக் குடித்துக்கொண்டு அதே வேகத்தில் ஊர்கிறது. தினமும் பம்பலப்பிட்டி நெரிசலில் பாதிக் கிளச்சிலேயே உருட்டி உருட்டி, பிளேட்டில் இருந்த கோர்க்கை, அதாவது பிடிப்புத் தரும் உராய்வுப் படையை, தேய்த்துத் தின்றுவிட்டேன். ஒரு போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் வீட்டுக்குக் கீழே உட்கார்ந்து நானே மாற்றினேன், மறுநாள் திரும்பவும் கழற்றினேன்.

காசைச் செலவழிக்க முதல் கேபிளைப் பாருங்கள். கிளச் பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகி நின்றால் புதுப் பிளேட்டும் வழுக்கும். அதைச் சரிசெய்த பிறகும் வழுக்கினால் மட்டும் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள்.

கடையில், "ஒரிஜினலா, மற்றதா தம்பி?" என்று கேட்பார்கள். நான் மற்றதைத்தான் வாங்கினேன், ஓடுகிறது. ஆனால் கீழே சொல்கிறபடி கழற்றிய பழைய பிளேட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் புதியதன் மேல் வைத்து, வெளிப்பற்களும் தடிப்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "நானா, ஸ்பிரிங்கும் சேர்த்துத் தாங்க" என்று கேட்டு வாங்குங்கள், தளர்ந்த பழைய ஸ்பிரிங்கோடு புதுப் பிளேட் போடுவது வீண் வேலை. கவர் கஸ்கட்டையும் (கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒயில் கசியாமல் வைக்கும் தாள்) மறக்க வேண்டாம்.

புதுக் கோர்க் பிளேட்டுகளை, மாட்டுவதற்கு முதல் நாள் இரவே இன்ஜின் ஒயிலில் ஊறப் போடுங்கள். நான் ஐஸ்கிரீம் டப்பாவில் ஊறவைத்து குசினியில் விட்டதற்கு அம்மாவிடம் வாங்கிய பேச்சு தனிக்கதை.

ஒயிலை வடித்துவிட்டு வலப்பக்கக் கவரைக் கழற்றுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இல்லை. பிஸ்கட் பெட்டி அட்டையில் கவரின் உருவத்தைக் கீறி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். கட்டையான ஓட்டைக்குள் நீள ஸ்க்ரூவை முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். இதற்கு எனக்கு டி ஸ்பானர்தான் பிடிக்கும். கையில் இறுக்கம் தெரியும், ரிங் ஸ்பானரில் தெரிவதில்லை.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். என் வண்டியில் பிரஷர் பிளேட் (பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் தட்டு) வெளியே இருப்பதால் அதைத் தூக்கியதும் பிளேட்டுகள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. நடு நட்டைக் கழற்றினால்தான் பிளேட் வரும் என்ற வண்டிகளும் உண்டு, அதற்குக் கிளச்சைச் சுற்றாமல் பிடிக்கும் கிளச் ஹோல்டர் இல்லாமல் இறங்க வேண்டாம். வெளியே எடுக்கும் வரிசையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து விரலால் ஓரத்தைத் தட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் வளைந்துவிட்டது. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. இரண்டையும் திரும்பப் போடாதீர்கள்.

இப்போது நான் மாட்டுப்பட்ட இடம். புதுப் பிளேட்டுகளைப் பழைய வரிசையிலேயே அடுக்கி, பிரஷர் பிளேட்டை மேலே வைத்து, அவசரத்தில் ஒரு போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டேன். பிரஷர் பிளேட்டின் பின்புறத்தில் சின்னப் பற்கள் இருக்கின்றன, அவை பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஹப்பின் பள்ளங்களுக்குள் இறங்க வேண்டும். என்னுடையது பல்லின் மேல் பல்லாக ஏறி நின்றது. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் இறுகியிருக்கும், உள்ளே பிளேட்டுகளை எதுவும் அழுத்தவில்லை. மாலையில் சுற்றிப் பார்க்கப் போனேன், முன்னையதை விட மோசம்.

ஆகவே ஸ்பிரிங் போடாமல் பிரஷர் பிளேட்டை மட்டும் வைத்து, இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'கிளிக்' என்று ஒரு மயிரிழை இறங்கும். அப்போது பக்கவாட்டில் டோர்ச் அடியுங்கள், பிளேட்டுகளுக்கு நடுவே எங்கேயும் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. அப்புறம்தான் ஸ்பிரிங், எதிரெதிராக, ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்று. சின்ன போல்ட், பலத்தைக் காட்டினால் ஹப்பின் மரை போய்விடும்.

கவரை மூடும்போது பழைய கஸ்கட் துணுக்கு ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் இரண்டு டவல் பின்களும் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள், ஒன்று பழைய கஸ்கட்டோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகப் பார்த்தது. புது ஒயில் டின்னில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஒயிலில் ஓடும் மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று இருக்க வேண்டும். கார் ஒயில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊற்றாதீர்கள், உராய்வைக் குறைக்க அதில் சேர்க்கும் சில பொருட்கள் கிளச்சை வழுக்க வைக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்த நண்பர் ஒருவருக்கு வழுக்கல் போனது, ஆனால் சிக்னலில் நியூட்ரல் விழவில்லை, கிளச்சைப் பிடித்திருந்தும் வண்டி முன்னுக்கு இழுத்தது. பிளேட்டுகளை ஊறவைத்தீர்களா என்று கேட்டேன். அரை மணித்தியாலம் என்றார். கேபிளையும் பார்த்தோம், பிடி கிட்டத்தட்டப் பாதி தூரம் சும்மா வந்தது. ஆட்டத்தைக் குறைத்து ஒரு கிழமை ஓடவிட்டதும் சரியாகிவிட்டது.