கம்பஸ் பிடிக்கவில்லையா? முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள்

தைப்பொங்கல் விடுமுறைக்கு யாழ்ப்பாணம், கோண்டாவிலுக்கு வந்திருந்த சின்னம்மாவின் மகள், காலையில் புட்டைப் பிசைந்தபடியே, "அக்கா, நான் இனி அங்க போகமாட்டன்" என்றாள். தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் சேர்ந்து மூன்று மாதம்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அதே குசினியில் நானும் அதையேதான் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா, "சரி, வந்துவிடு" என்றார். இரண்டாலும் எனக்குத் தெளிவு வரவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றால்தான் வந்தது.

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஆறு வாரத்துக்கு, மனம் சரியில்லாத ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு வரி எழுதுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார். "எல்லாமே வெறுப்பு" என்று எழுதக்கூடாது. "பத்து மணி விரிவுரை, சிங்களத்தில் ஒரு பகிடி, எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு விளங்கவில்லை" என்று எழுத வேண்டும். ஆறு வாரம் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்: பாடம் என்றால் பா, இடம் என்றால் இ, ஆட்கள் என்றால் ஆ.

என்னுடைய கொப்பியில் 31 வரி. பா 4, இ 11, ஆ 16. இ போட்டதில் ஆறு வரி ஞாயிற்றுக்கிழமை இரவுகள், வீட்டோடு கதைத்து முடித்த உடனே எழுதியவை. ஆ போட்டதில் பத்துக்கு மேல் ஒரே அறைத்தோழி! நான் மாற்ற வேண்டியிருந்தது பல்கலைக்கழகத்தை அல்ல, அறையை. விடுதிப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். இரண்டு வாரத்தில் வேறு அறை கிடைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அவ்வளவு அழுதேன் என்று.

வடமராட்சியிலிருந்து வந்த என் சிநேகிதியின் கொப்பியிலோ ஏறக்குறைய எல்லாமே பா. அவள் விலகிப் போய் உயர்தரப் பரீட்சையை (ஏ.எல்.) மறுபடி எழுதினாள். அவள் செய்தது சரி. பாடமே பிடிக்காதவர் இடம் மாறினாலும் அதே பாடத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவார். ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு ஏ.எல். மூன்று தடவைதான் எழுதலாம். எத்தனையை முடித்துவிட்டீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஒருமுறை பதிவு செய்தவர் மறுபடி தெரிவாவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியை வரி வரியாக வாசித்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும்.

பலர் நினைப்பது போல, "வீட்டுக்குக் கிட்டப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டு அரச பல்கலைக்கழகம் மாறுவது லேசான காரியம் இல்லை. நமக்கு இடம் கிடைத்ததே இசட் புள்ளி (ஏ.எல். புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடுவது), மாவட்ட ஒதுக்கீடு, நாமே எழுதிக்கொடுத்த விருப்ப ஒழுங்கு எல்லாம் சேர்ந்துதான். எனக்குக் கிடைத்ததும் நானே முதலாவதாக எழுதிய பாடநெறி. அதைக் கைநூலில் திரும்பப் பார்த்த அன்று கொஞ்சம் வாயடைத்துப் போனேன்.

அப்புறம், போக நினைக்கும் இடத்தில் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். நான் பரமேஸ்வராச் சந்தியில் இறங்கி, திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பள்ளித் தோழியோடு காலை முதல் மாலை வரை சுற்றினேன். கன்ரீனில் தேத்தண்ணியோடு அவள் முதல் அரை மணி நேரம் குறைதான் சொன்னாள்: கணக்கியல், நெருக்கமான பரீட்சைகள், குழுவேலையில் ஒன்றும் செய்யாத பெடியள். என் குறைகளேதான், தமிழில். அவளுக்கு மாலையில் வீட்டுச் சோறு கிடைத்தது, எனக்கு இல்லை. அது சின்ன வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு வருடப் படிப்பை அதற்காக மாற்றலாமா என்று அன்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன்.

பகிடிவதை (ராகிங்) என்றால் இந்தக் கொப்பி, ஆறு வாரம் எதுவும் பொருந்தாது. ஒரு நாளும் பொறுக்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். சிறைத்தண்டனை வரை போகும். திகதி, நேரம், இடம் எழுதி வைத்துக்கொண்டு மாணவர் ஆலோசகரிடமோ பொலிஸிடமோ போங்கள். வீட்டுக்கும் அன்றே சொல்லுங்கள். மாறிப்போவதா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

முடிவை எப்போது எடுப்பது? விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரத்தில் எடுக்கவே கூடாது. இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்த உடம்பு சொல்வதை மனம் சொல்வதாக நினைத்துவிடுவோம். முதல் செமஸ்டர் பெறுபேறு வரட்டும். மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கிறது என்றால், விலகினால் அது என்னாகும் என்று நலன்புரிப் பிரிவில் கேட்டுவிடுங்கள். வீட்டில் கதைக்கும்போது கொப்பியைக் கையில் வைத்திருங்கள். "எனக்கு அங்கே சரிவராது" என்றால் அப்பாக்கள் ஒன்றில் கோபப்படுவார்கள் அல்லது உருகிவிடுவார்கள். வரிகளைக் காட்டினால் வாசிப்பார்கள்.

சின்னம்மாவின் மகள் திரும்பிப் போய்விட்டாள், கொப்பியோடு. நேற்று இரவு அதைப் படம் எடுத்து அனுப்பினாள். இதுவரை ஒன்பது வரி. பொறுமை இல்லாமல் இப்போதே எழுத்தும் போடத் தொடங்கிவிட்டாள். கடைசி வரிக்குப் பக்கத்தில் ஆ என்று எழுதி, அதை வெட்டி, பா என்று போட்டிருந்தாள்.