கடைக்காரங்க ஜெபக்குழுல நாங்க பண்ணின தப்புங்க, நீங்களாவது பண்ணாதீங்க

பாளையங்கோட்டைல சின்னதா ஒரு ஆஃப்செட் பிரஸ் வச்சிருக்கேன். சனிக்கிழமை காலைல 6 மணிக்கு சொந்தத் தொழில் பண்ற ஒம்பது பத்து பேர் கூடுவோம், ஹார்டுவேர் அண்ணாச்சி, பேக்கரி தம்பி, டெய்லரிங் யூனிட் நடத்துற அக்கா இப்படி, சிஎஸ்ஐ ஆர்சி பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்துதான். ஒரு பாட்டு, கொஞ்சம் ஜெபம், அப்புறம் சுக்கு காபியும் பேச்சும், ஏழரைக்கு அவங்கவங்க ஷட்டர தூக்கப் போயிடுவோம். நடுவுல ரெண்டு தடவ இது உடையப் பாத்துச்சு, ரெண்டு தடவையும் தப்பு எங்க மேலதான்.

முதல் தப்பு, சாட்சின்னா, அதாவது கர்த்தர் நமக்குப் பண்ணினத எல்லார் முன்னாடியும் சொல்றதுன்னா, ஜெயிச்ச கதைதான்னு நெனச்சது. ஒருத்தர் புது மெஷின் எறக்கினேன்னு சொல்வாரு, இன்னொருத்தர் ரெண்டாவது கடை தெறந்தேன்னு சொல்வாரு, நாலு மாசமா வாடகை குடுக்காதவன் கடைசி சேர்ல இருந்து ஆமென் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவான், அடுத்த வாரம் ஆளக் காணோம். அந்த கடைசி சேர்ல நானே இருந்திருக்கேன். ஒரு வருஷம் காலண்டர் சீசன நம்பி பேப்பர் கடனுக்கு எடுத்துப் போட்டேன், ஆர்டர் பூரா சிவகாசிக்குப் போயிடுச்சு. டிசம்பர்ல யாராச்சும் எப்படி இருக்கீங்க பிரதர்னு கேட்டா "கர்த்தர் நடத்துறாரு"ன்னு சொல்லி சமாளிச்சிட்டு இருந்தேன். கடைசில டெய்லரிங் அக்காதான் அவங்களுக்கு வந்த பேங்க் நோட்டீஸ எடுத்து காபி டம்ளர் பக்கத்துல வச்சாங்க, ஒண்ணுமே சொல்லல. அப்புறம்தான் ஒவ்வொருத்தரா வாயத் தெறந்தோம்.

வாயத் தெறந்தவனுக்கு உடனே ஒரு வசனம் எடுத்து நீட்டுறது அடுத்த தப்பு. "விசுவாசத்துல குறை இருக்கா பாருங்க பிரதர்"னு ஒருத்தர் சொல்லிட்டாரு, பேக்கரி தம்பி மொகம் செத்துப்போச்சு. பைபிள்ல எல்லாத்தையும் இழந்து கெடந்த யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராப்பகலா பேசாம அவரு கூட தரையில உக்காந்திருந்த வரைக்கும் நல்ல சிநேகிதங்கதான், வாயத் தெறந்த பெறகுதானே எல்லாம் கெட்டுச்சு.

ஆனா எங்கள நெசமா ஒடச்சது ஜெபக்குறிப்புதான். அந்தத் தம்பி இந்த மாசம் ரொம்ப டைட்டு, ஜெபிச்சுக்கோங்கன்னு சனிக்கிழமை சொன்னான். ஒருத்தர் வீட்ல போய் சொல்ல, அவங்க ஜெபத்துக்குத்தானேன்னு இன்னொரு வாட்ஸ்அப் குரூப்ல போட, புதன்கிழமை மைதா சப்ளையர் "இனிமே ரொக்கம் வச்சாதான் மூட்டை எறக்குவேன்"னுட்டாரு. கடை வச்சிருக்கவனுக்கு சரக்கு கடன்தான் மூச்சே, ஆளு ஆடிட்டான்னு பஜார்ல ஒரு பேச்சு போதும், ஆடாதவனும் விழுந்துருவான். யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல, அதான் கொடுமையே. இப்ப அங்க பேசினது வீட்டுக்குக் கூட போகக்கூடாது, சொன்னவரே சரின்னாதான் வெளிய போகலாம், குரூப்ல நேரமும் இடமும் மட்டும் போடுவோம்.

பண விஷயம். பாசத்துல ஜாமீன் கையெழுத்து போட்டுறாதீங்க. 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கினவருக்கும் பொறுப்பு ஒண்ணுதான், வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய, பேங்க் அவர விட்டுட்டு நேரா உங்ககிட்ட வரலாம். பைபிள்ல நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் ஆரம்பிக்கிறதே பிணை நின்னவனுக்கான புத்திமதியோடதான், நம்மாளுங்க அத மட்டும் வேகமா தாண்டிருவாங்க. அப்புறம் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கைமாத்த கேஷா வாங்காதீங்க, வருமான வரிச் சட்டத்துல வாங்கினவருக்கு அதே அளவு பெனால்ட்டி வர வழி இருக்கு, பேங்க் வழியா போடச் சொல்லுங்க. திரும்ப வரலன்னாலும் பரவாயில்லன்னு நெனைக்கிற அளவுக்குத்தான் நான் குடுக்கிறது.

இத விட அசிங்கம் ஒண்ணு இருக்கு, பிரதர் பில். வெளியாள் பில்ல முப்பது நாள்ல செட்டில் பண்ணுவோம், குழுல இருக்கவரோட பில்லு தொண்ணூறு நாள் தூங்கும், ஏன்னா அவரு கேக்க மாட்டாரு. சிறு குறு நிறுவனத்துக்கிட்ட சரக்கு வாங்கினா எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள காசு குடுத்தாகணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டத்துலயே இருக்கு, ஆனா எந்த பிரதர் எந்த பிரதர் மேல புகார் குடுப்பாரு சொல்லுங்க? நானும் அண்ணாச்சிக்கு இப்படி இழுத்தடிச்சிருக்கேன், வெக்கமாத்தான் இருக்கு. விசிட்டிங் கார்டு நீட்டுறதுக்குன்னே வர்றவங்களப் பத்தி தனியா எழுத வேண்டாம், மூணு வாரத்துல அவங்களே நின்னுருவாங்க.

ஐக்கியம்னா, இப்படி ஒண்ணா கூடி ஒருத்தருக்கொருத்தர் நிக்கிறது, சனிக்கிழமையோட முடிஞ்சிதுன்னு நெனைக்கிறதும் தப்புதான். கிலவுதியு ராயன் யூதர்கள ரோமாபுரிய விட்டுப் போகச் சொன்னதால ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துல வந்து பொழைச்சாங்க, அவங்களுக்கும் கூடாரம் பண்ற தொழில்ங்கறதாலதான் பவுல் அவங்க வீட்லயே தங்கி கூட வேல செஞ்சாருன்னு பைபிள்ல அப்போஸ்தலர் 18ல இருக்கு.

நான் காலண்டர்ல மாட்டின அந்த வருஷம் ஜனவரில ஒரு திங்கக்கிழமை அண்ணாச்சி பிரஸ்ஸுக்கு வந்தாரு. அவருக்கும் நான் பாக்கிதான். பேரேட்ட எடுன்னாரு, எடுத்தேன். எவனெவன் எனக்குத் தரணும், நான் யாருக்குத் தரணும்னு ஒரு பழைய பில் புக் பின்பக்கம் எழுதினாரு, பேப்பர் டீலருக்கு என் போன்லயே போட்டுப் பேசி மூணு தவணையா முடிச்சுக் குடுத்தாரு. ஜெபம் எதுவும் பண்ணல, காபி கூட வேண்டாம்னுட்டாரு. அவரு போன பெறகுதான் பேக்கரி தம்பி சொன்னான், அண்ணாச்சி கடை காலைல இருந்து பூட்டிக் கிடக்குன்னு.