நீச்சலுக்கு முன் நிற்கப் பழக்குங்கள்

கிணற்றில் தூக்கிப் போட்டால் தானாக நீந்திவிடுவான் என்ற பழைய வைத்தியத்தை மறந்துவிடுங்கள். அப்படி நீந்தியவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதன்பின் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்கள் வாயைத் திறப்பதில்லை.

பெரும்பாலான பிள்ளைகளின் பயம் ஒன்றுதான்: கால் தரையை விட்டுவிட்டால் மறுபடி ஊன்ற முடியுமா? முதலில் அதற்குப் பதில் கொடுத்துவிட்டால் மிச்சம் எளிது. கீழே உள்ள வரிசை 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு. வலிப்பு, காதில் சீழ் போன்ற தொல்லை இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறக்குங்கள்.

இடமும் நேரமும்

பிள்ளையின் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் நீச்சல் குளம் போதும். படிக்கிணற்றில் பாசி வழுக்கும், கடைசிப் படியை விட்டால் நேராக ஆழம். ஏரியிலும் ஆற்றிலும் மண் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம். உதடு நீலம் பூத்தாலோ நடுங்கினாலோ உடனே கரையேற்றித் துவட்டிவிடுங்கள். உடை ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற நிறமாக இருக்கட்டும். நீல உடை தண்ணீருக்கடியில் கண்ணுக்கே தெரியாது.

படி 1: வீட்டு வாளி

குளத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே குளியலறையில் தொடங்குங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லிவிட்டுத் தலையில் ஒரு மக் தண்ணீர். சொல்லாமல் ஊற்றாதீர்கள். முகத்தைக் கையால் வழிக்காமல், தண்ணீர் தானாக வடியும்வரை கண்ணைச் சிமிட்டப் பழக்குங்கள். நீந்தும்போது முகம் துடைக்கக் கை கிடைக்காது.

படி 2: "ம்ம்ம்"

குளத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்ம்" என்று முனகியபடியே முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள். முனகும்போது மூக்கு வழியாகக் காற்று வெளியே வரும். தண்ணீர் ஏறாது, சுருக்கென்று எரியாது. 3 எண்ணும்வரை குமிழி விட்டு, தலை தூக்கி வாயால் மூச்சு வாங்க வேண்டும். ஒரேயடியாகப் பத்துத் தடவை வேண்டாம், இரண்டிரண்டாகச் செய்யட்டும்.

கன்னத்தை உப்பவைத்து மூச்சை அடக்கும் பிள்ளைகள்தான் அதிகம். மேலே வந்ததும் விடவும் வாங்கவும் ஒரே நேரத்தில் முயன்று புரையேறும். யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டியை விளையாட்டுக்குக்கூட வைக்காதீர்கள். தண்ணீருக்குள் மயக்கம் வரலாம்.

படி 3: எழுந்து நிற்பது

அவசரப்படாமல் நாலைந்து நாள் இதற்கே கொடுங்கள். எதிரில் நின்று உங்கள் முன்கைகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்தை நீரில் வைத்துக் குப்புற மிதக்கட்டும். இரண்டு நொடி கழித்து: முட்டியை நெஞ்சுக்கு இழு, கையால் தண்ணீரைக் கீழே அழுத்து, பாதத்தை ஊன்று, கடைசியில் தலையைத் தூக்கு.

தலையை முதலில் தூக்கினால் கால் பின்னாலேயே நிற்கும், பிள்ளை தத்தளிக்கும். தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "முட்டி, கை, கால், தலை" என்று தினமும் தரையில் இரண்டு தடவை ஒப்பிக்கச் செய்யுங்கள். மல்லாக்க மிதந்து எழும்போது நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பை மடக்கி, தாடையை நெஞ்சோடு சேர்க்க வேண்டும்.

படி 4: மிதப்பது

மல்லாக்கப் படுக்கவைத்துப் பிடரிக்கடியில் உள்ளங்கையைக் கொடுங்கள். காது நனைய வேண்டும், பார்வை மேலே, வயிறு மேலே. நெஞ்சில் காற்று இருந்தால் மிதக்கும். காற்றை முழுக்க வெளியே விட்டால் அமிழும். ஒல்லிப் பிள்ளைகளுக்குக் கால் தாழ்வது இயல்பு, அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

படி 5: உந்தி வருவது

சுவரில் கால் வைத்து உந்தி, கை நீட்டி உங்களிடம் வரட்டும். முதலில் 1 மீட்டர், பிறகு 2. பிள்ளை வரவர நீங்கள் பின்னால் நகராதீர்கள். பலரும் "இன்னும் கொஞ்சம்" என்று நகர்கிறார்கள். அடுத்த தடவை பிள்ளை சுவரை விடாது. உதை தொடையிலிருந்து வர வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல முட்டி மடங்கினால் நுரை பறக்கும், ஆள் நகராது.

கேன், காற்றுப்பை

கையில் மாட்டும் காற்றுப்பை உடம்பைச் செங்குத்தாக நிறுத்திவிடும். நீந்தும் உடம்பு படுத்திருக்க வேண்டும். அந்த வகையில் ஊர்ப்பக்கத்துக் காலி கேனே மேல். 1 லிட்டர் காற்று ஏறக்குறைய 1 கிலோவைத் தாங்கும் என்பதால் 5 லிட்டர் கேன் தாராளம். முதுகில் கட்ட வேண்டும். வயிற்றில் கட்டினால் ஆளைப் புரட்டிவிடும். பழகப் பழக 2 லிட்டருக்குக் குறையுங்கள். மூடி கசியும், முடிச்சு நழுவும், ஆகவே அதை நம்பிக் கரையில் உட்காராதீர்கள்.

எந்தப் படியிலும் கைக்கு எட்டும் தூரத்தில் நில்லுங்கள், கைபேசி பைக்குள் கிடக்கட்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது: தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், உடம்பு நட்டுக்க நிற்கும், கால் உதைக்காது.

கைவீச்சைப் பயிற்சியாளரிடம் விடலாம். அதற்கு முன் ஒரு சோதனை: ஓரத்திலிருந்து குதித்து, மேலே வந்து, திரும்பி, தானாகச் சுவரைப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.