டெக்னோ இசைத்தட்டு வாங்கும் முன்

டெட்ராய்ட் டெக்னோவோ சிகாகோ ஹவுஸோ (இரண்டும் அமெரிக்க நகரங்களில் பிறந்த மின்னணு நடன இசை வகைகள்), 12 அங்குலத் தட்டு என்றால் முதலில் நடு லேபிளில் வேகத்தைப் பாருங்கள். பெரிய தட்டு எல்லாமே நிமிடத்துக்கு 33 சுற்று என்று நினைத்துவிடுகிறோம். நடன இசைத் தட்டுகளில் பல 45இல் ஓடுபவை. என் காதுக்கு டெட்ராய்ட்தான் முதலிடம். ஆனால் சிகாகோவில் ஹவுஸின் ஒரு கிளையான ஆசிட் ஹவுஸ் பிறக்கும் முன்பே, 1982இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் ரோலண்ட் நிறுவனத்தின் 303 (பாஸ் சிந்தசைசர்), 808 (டிரம் மெஷின்) கருவிகளோடு ராகங்களைப் பதிவு செய்துவிட்டார். அதன் மறுபதிப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம், நம் திருநெல்வேலி வெயில். சித்திரையில் கூரியரில் வரும் தட்டு சூடாகவே இருக்கும். உடனே ஓடவிடாமல், உறையோடு சமதளத்தில் படுக்க வைத்து ஆறவிடுங்கள். பிறகு செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் மாடி அறையில் வைத்த இரண்டு அருமையான தட்டுகள் வளைந்தே போயின. இப்போது எல்லாம் கீழ்வீட்டில், ஜன்னல் வெயில் படாத சுவரோரம்.