போலீஸ் கேமரா பற்றி ஆர்.டி.ஐ. போடுவது எப்படி: கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம்காரர்களுக்கு

உக்கடத்திலிருந்து காந்திபுரம் வரை ஒரு தடவை வண்டியில் போய்வந்தால் போதும், வழியில் எத்தனை கேமரா நம்மைப் பார்த்தது என்று எண்ணி மாளாது. திருப்பூர் குமரன் சாலை, ஈரோடு பன்னீர்செல்வம் பூங்கா, சேலம் ஐந்து ரோடு, எங்கே போனாலும் இதே கதைதான். இந்தக் கேமராவை வாங்கியது யார், பதிவு எத்தனை நாள் இருக்கும், முகத்தை வைத்து ஆளைத் தேடும் மென்பொருளோடு இணைத்திருக்கிறார்களா என்று கேட்டால் டீக்கடையில் ஆளுக்கொரு பதில் வரும். எழுத்தில் பதில் வேண்டுமென்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.), 2005தான் வழி. கட்டணம் 10 ரூபாய்.

"எங்களை ஏன் கண்காணிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டிய கடமை, ஆர்.டி.ஐ. மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைக் கொடுத்தால் போதும், இல்லாததைப் புதிதாகத் தயாரித்துத் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் காசு போன வழியே போங்கள். எதை வாங்கினாலும் நிர்வாக ஒப்புதல் ஆணை, டெண்டர், கொள்முதல் ஆணை, பில், பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒரு கட்டுக் காகிதம் சேர்ந்தே தீரும், அந்தக் கட்டைத்தான் நாம் கேட்கப் போகிறோம். யாரைக் கண்காணித்தார்கள், எந்த வழக்கில் பயன்படுத்தினார்கள் என்று இறங்கினால் மறுப்புதான் வரும், அதை முதல் மனுவிலேயே கலக்காதீர்கள்.

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் காவல் துறைக் கொள்கை விளக்கக் குறிப்பை (மானியக் கோரிக்கை எண் 22) எடுத்துப் படியுங்கள். என்ன மென்பொருள், என்ன கருவி, எவ்வளவு ஒதுக்கீடு என்று பல விஷயம் அதிலேயே இருக்கும். அந்த வரியை ஆண்டோடும் பக்க எண்ணோடும் மனுவில் எழுதிவிட்டால், அப்படி ஒன்று எங்களிடம் இல்லவே இல்லை என்று சொல்வது கஷ்டம்.

அடுத்து, யாரிடம் கேட்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களுக்கு மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம். ஈரோடு, நாமக்கல், கரூர், நீலகிரி போன்ற இடங்களுக்கு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம். ஆனால் கேமரா போலீஸுடையதாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்குமே ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இருந்த ஊர்கள், அந்தத் திட்டத்தில் வாங்கியிருந்தால் காகிதம் மாநகராட்சிப் பக்கம் இருக்கும். இன்னொரு வகை, கடைக்காரர்களும் மில்காரர்களும் சங்கங்களும் வாங்கிக் கொடுத்தது. கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதுவதுபோல சில கம்பங்களில் கொடுத்தவர் பெயர்ப் பலகையே தொங்கும். இதற்கு டெண்டர் இருக்காது. ஆகவே நன்கொடையை ஏற்றுக்கொண்ட கடிதம், கருவிகளின் இருப்புப் பதிவேடு, அந்தக் கேமரா காட்சியைக் கொடுத்தவரும் பார்க்க முடியுமா என்பதைச் சொல்லும் உத்தரவு, இவற்றைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் கொங்குப் பக்கம் முதலில் தோண்ட வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"1.4.2022 முதல் 31.3.2025 வரை தங்கள் அலுவலகம் வாங்கிய அல்லது நன்கொடையாகப் பெற்ற சிசிடிவி கேமரா, வாகன எண்ணைப் படிக்கும் கேமரா, டிரோன் ஆகியவற்றின் கொள்முதல் ஆணைகள் மற்றும் நன்கொடை ஏற்புக் கடிதங்களின் நகல் தரவும். மேற்படி கேமராப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்று வழங்கப்பட்ட சுற்றறிக்கைகளின் நகல் தரவும்."

கவனித்தீர்களா, தேதி இருக்கிறது, ஆவணத்தின் பெயர் இருக்கிறது, "எல்லா விவரமும்" என்ற சொல் இல்லை. ஒரு மனுவில் நாலைந்து கேள்வி போதும்.

முக அடையாள மென்பொருளுக்குத் தனி மனு போடுங்கள். எஃப்.ஆர்.எஸ். என்று போலீஸார் சொல்லும் இதைத் தமிழ்நாடு காவல் துறை 2021 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம் செய்து கொடுத்தது. மாநிலம் முழுதுக்குமான ஏற்பாடு என்பதால் மாவட்ட அலுவலகம் கையை விரிக்கலாம். பரவாயில்லை, தன்னிடம் இல்லாததை இருக்கும் அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அனுப்பிவைக்க வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது, அந்தப் பிரிவை மனுவின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள். எத்தனை சதவீதம் ஒத்துப்போனால் "இவர்தான்" என்று எடுத்துக்கொள்கிறீர்கள், அதற்கான உத்தரவின் நகல் கொடுங்கள் என்று கேட்க மறக்காதீர்கள். இணைய உரிமைகளுக்காக இயங்கும் இண்டர்நெட் ஃபிரீடம் ஃபவுண்டேஷன் அமைப்பு இப்படித்தான் ஆர்.டி.ஐ. போட்டு, டெல்லி போலீஸ் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் சரியான பொருத்தமாக எடுத்துக்கொள்கிறது என்ற பதிலை 2022-ல் வாங்கியது. நம்மூர் எஃப்.ஆர்.எஸ். தளத்திலோ 2024 மே மாதம் ஊடுருவலே நடந்தது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் தணிக்கை செய்தார்களா, செய்திருந்தால் எந்தத் தேதியில், எந்த நிறுவனம் என்பது கேட்க வேண்டிய கேள்வி. தணிக்கை அறிக்கையையே கேட்டால் தரமாட்டார்கள், தேதியையும் நிறுவனத்தின் பெயரையும் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு உள்ளே இருக்கும் கேமராவையும் விடாதீர்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கு வசதியே இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. எந்த ஸ்டேஷனில் எத்தனை கேமரா வேலை செய்கிறது, எத்தனை நாள் பதிவு இருக்கிறது, பழுது நீக்கப் புகார் எப்போது போனது என்று கேட்பதற்கு இதைவிட உறுதியான பிடிமானம் கிடையாது.

மற்றபடி சம்பிரதாயம் எளிது. வெள்ளைத் தாள், தமிழிலேயே எழுதலாம். பெறுநர் இடத்தில் "பொதுத் தகவல் அலுவலர்" என்று பதவி போதும், பெயர் தேவையில்லை. கோர்ட் பக்கத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) வாங்கி ஒட்டுங்கள். மனுவைச் சங்கத்தின் பெயரில் போடாமல் உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள், உரிமை குடிமகனுக்குத்தான். பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டு பெரிதாக இருந்தால் நேரில் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் காசு இல்லை.

மனு போய்ச் சேர்ந்ததும் சில நேரம் போன் வரும். "ஏனுங்க, இதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். பதற்றப்படாதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது. "பதிலை எழுத்துல அனுப்பிருங்க சார்" என்று அதே மரியாதையோடு சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். மறுப்பு வந்தால் எந்தப் பிரிவில் என்று பாருங்கள். 24(4) என்று எழுதியிருந்தால், அது அரசாணையில் பெயர் சொல்லி விலக்குப் பெற்ற சிறப்புப் பிரிவு சிஐடி (போலீஸின் உளவுப் பிரிவு) போன்ற அமைப்புகளுக்கு உரியது, சாதாரணக் காவல் நிலையமோ மாவட்ட அலுவலகமோ அதன் பின்னால் ஒளிய முடியாது. ஊழல், மனித உரிமை மீறல் சம்பந்தப்பட்ட தகவலுக்கு அந்த விலக்கும் செல்லாது. 8(1)(எச்), அதாவது விசாரணை கெடும் என்றால், எந்த விசாரணை, எப்படிக் கெடும் என்று சொல்ல வேண்டியது அவர்கள்தான். டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் பகத் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 8(1)(டி), வணிக ரகசியம் என்று வந்தால், முடிந்துபோன டெண்டரில் அரசு கொடுத்த விலை எப்படி ரகசியம் ஆகும் என்று கேளுங்கள். ஒரு பகுதிதான் சிக்கல் என்றால் அதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று 10-ஆம் பிரிவைக் காட்டுங்கள்.

இதையெல்லாம் எழுத வேண்டிய இடம் முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பதிலே வராவிட்டாலும் போடலாம், கெடு தாண்டிய தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்ற 7(6) பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் தேறவில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் நினைத்தால் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடலாம், ஆனால் விசாரணைக்கு அழைப்பு வருவதற்குள் நாள் ஓடிவிடும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். போலீஸ் மறுத்த கொள்முதல் ஆணையின் இன்னொரு நகல் மாநகராட்சிக் கோப்பிலும் இருக்கக்கூடும், அங்கே தனியாக ஒரு வில்லையை ஒட்டிக் கேட்டுவிடுங்கள்.